தண்ணீரைப் பங்கு போட்ட குப்பங்கள்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் ஸமோவா என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரை நெடுகத் தென்னை, கண்ணாடிபோலத் தெளிந்த கடற்கழி, சுவரே இல்லாமல் தூண்களும் கூரையுமாக நிற்கும் வீடுகள், காதோரம் பூச் செருகிய பெண்கள். அப்படி ஒரு படம் கண்ணில் பட்டுவிட்டால் போதும். அம்பத்தூரில் விடியற்காலையில் எழுந்து ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக நாலு டிபன் டப்பாக்களை நிரப்பிக்கொண்டிருக்கும் அம்மணிக்கும், 'ஒரு தடவை போய்விட்டு வந்தால் என்ன?' என்று தோன்றத்தான் செய்யும்.

போகலாம். ஆனால் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பூவையும் நடனத்தையும் பற்றி அல்ல. ஸமோவாக் கிராமத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் நீங்கள் நின்றுகொண்டு பேசக்கூடாது. பாயில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். யாருக்கு நேராகவும் காலை நீட்டக்கூடாது. தெருவில் தின்றுகொண்டே நடக்கக்கூடாது. சாயங்காலம் சங்கு ஊதினாலோ மணி அடித்தாலோ பிரார்த்தனை நேரம் என்று அர்த்தம். அது முடிகிறவரையில் ஊருக்குள் நடமாட்டம் கூடாது. நம் வீட்டுப் பாட்டிமார் ஸமோவாவுக்குப் போனால் அவர்களுக்கு ஒரு சிரமமும் இராது!

இந்தச் சட்டதிட்டங்களை நடத்துவது, குடும்பத் தலைவர்கள் கூடும் கிராம சபை. 'ஃபோனோ' என்று அதற்குப் பெயர். ஊர் நிலம், மீன் பிடிக்கும் இடம், சண்டை, அபராதம் எல்லாம் அந்தச் சபைக்கு உட்பட்டவை. என்னைக் கேட்டால், ஒரு தீவுக் கிராமத்தில் பார்க்க வேண்டிய காட்சி இதுதான். தீவு என்றால் இடம் கொஞ்சம்; பிழைப்பு தரும் தண்ணீரும் கொஞ்சம்; கோபித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவதென்றாலும் நடுவில் கடல். இருக்கிறதை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதில் அந்த ஜனங்களின் குணம் முழுவதும் தெரிந்துவிடும்.

சரி, ஸமோவாவுக்கு டிக்கெட் வாங்க நம்மில் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? கவலை வேண்டாம். கடற்கழியும் தீவும் குப்பமும் கிராம சபையும் எல்லாம் சேர்ந்தாற்போல், ஆவடியும் பூவிருந்தவல்லியும் எந்த ஜில்லாவில் இருக்கின்றனவோ அதே திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கின்றன. பழவேற்காடு என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'பூநாரை பார்க்கப் போகிற இடம்தானே?' என்பீர்கள். பூநாரை அதன் பாட்டில் இருக்கட்டும். பார்க்க வேண்டியது வேறு.

போகும் வழியிலேயே ஒரு வேடிக்கையான சமாசாரம் சொல்லிவிடுகிறேன். இரண்டு நீண்ட ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே மேடை கட்டி, பாய் விரித்து, பாலினீசிய ஜனங்கள் ஆயிரக்கணக்கான மைல் சமுத்திரத்தைக் கடந்தார்கள். அந்த மாதிரி இரட்டை ஓடத்துக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'கட்டமரான்'! அதாவது நம் கட்டுமரம். நம் கட்டுமரமோ இரட்டை ஓடமே அல்ல. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய மிதவை. நம் கரையில் அதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் பெயரை மட்டும் மூட்டை கட்டி எடுத்துப் போய், பின்னால் எங்கோ பசிபிக்கில் இருந்த வேறொரு படகுக்குச் சூட்டிவிட்டார்கள். பொருள் அவர்களுடையது, பெயர் நம்முடையது.

அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்குப் பழவேற்காட்டுக்கு வழி சுலபம். ரோடு வழியாகப் போனால் செங்குன்றம், அங்கிருந்து கல்கத்தா ரோடில் தச்சூர் கூட்டுரோடு, பிறகு பொன்னேரி. ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். பொன்னேரியிலிருந்து பஸ். கடைசிச் சில மைல்களில் வயல்கள் குறைந்து, பனையும் உவர் நிலமும் தலைகாட்டத் தொடங்கும். காற்றில் உப்பு மணக்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் சரித்திரம் வந்து காலில் இடறும். 1610-ல் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று வந்த டச்சுக்காரர்கள், 1613-ல் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமை இடம். சென்னப்பட்டணம் பிறப்பதற்கு முன்பே இது பெரிய துறைமுகம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை இப்போது மண்மேடும் புதருமாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் அழகாக நிற்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

டச்சுக்காரர்கள் இங்கிருந்து வாங்கிப் போனது துணி. கட்டம் போட்ட நூல் துணிக்கு அவ்வளவு பேர். மலாய் நாட்டில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலியை 'கைன் பெலேக்காட்' என்கிறார்கள். பெலேக்காட் என்பது பழவேற்காடுதான். துணி மட்டுமா போயிற்று? பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தக் கரையின் மனிதர்களையும் விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பத்தேவியா. அந்தக் கப்பல்களில் போனவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லும் கிடையாது.

இனி ஏரிக்கு வருவோம். நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் நம்முடையது. பரப்பு இவ்வளவு இருந்தாலும் ஆழம் சராசரி ஒரு மீட்டர்தான். ஆரணி ஆறு ஒரு பக்கத்திலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது; முகத்துவாரத்தின் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரைத் தள்ளுகிறது. உப்பும் அல்லாமல் தித்திப்பும் அல்லாமல் இருக்கும் இந்தத் தண்ணீர்தான் இறாலுக்குத் தொட்டில். கடலில் பிறக்கும் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கிறது. வளர்ந்ததும் இனம் பெருக்கக் கடலுக்கே திரும்புகிறது. நீங்கள் மார்க்கெட்டில் பேரம் பேசும் இறாலுக்கு இப்படி ஒரு பிறந்தகமும் புக்ககமும் உண்டு! நடுவில் இருக்கும் வாசல் மணலால் அடைபட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட மணல் திட்டு. அதன் மேல் குப்பங்கள். ஊரிலிருந்து லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் பாலம் இருக்கிறது. பாலத்தின் மேல் நின்று பாருங்கள். ஏரித் தண்ணீரில் வரிசை வரிசையாகக் கழிகள் நட்டிருப்பது தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கழி. அங்கே இருக்கிறவர்களுக்கு அது பத்திரப் பதிவு ஆபீஸ்!

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களுக்குத் தனித்தனியாகப் பாடு என்று பெயர். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் பாயும் இடத்தில், கழி நட்டு வலை கட்டினால் வலை நிரம்பும். தள்ளிப்போனால் வெறும் பாசிதான். அப்படியானால் நல்ல இடம் யாருக்கு? முந்தி வந்தவனுக்கா, வலுத்தவனுக்கா, பெரிய வலை வைத்திருப்பவனுக்கா?

யாருக்கும் அல்ல, சீட்டில் பெயர் விழுந்தவனுக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற குப்பங்களின் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் கூடி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சீட்டுப் போடுகிறார்கள். எந்தக் குழுவுக்கு எந்தப் பாடு, எந்த நாளில் எந்த ஊரின் முறை என்று அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் நாளைக்கு நகர்ந்துகொடுக்க வேண்டும். மோசமான இடத்தில் நின்றவருக்கும் ஒரு நாள் முகத்துவாரம் வரும். அடுத்தவர் முறையில் வலை போட்டால் பஞ்சாயத்தும் அபராதமும் உண்டு.

இதை நாட்டுப்புறத்து வழக்கம் என்று லேசாக எண்ணிவிடாதீர்கள். மீன் வளம் பற்றிப் படித்தவர்கள் பழவேற்காட்டுக்கு வந்து இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் கடற்கழியிலும் இதேபோல் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் பழைய முறை உண்டு. தாஹிதியிலும் குக் தீவுகளிலும் 'ராஹுய்' என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: குறிப்பிட்ட நீர்ப்பரப்பில் இவ்வளவு காலத்துக்கு யாரும் மீன் பிடிக்கக்கூடாது என்று ஊர் முடிவு செய்து மூடிவிடும், காலம் முடிந்ததும் திறக்கும். கடலுக்குக் கடல் வழி வேறு. கேள்வி ஒன்றுதான்.

அந்தக் கேள்வி நம் ஊருக்கும் புதிதல்ல. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம், புழல் என்று மேற்குப் புறநகரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி. நாம் அவற்றை மழைக்காலத்தில் பயந்துகொண்டும் கோடைக்காலத்தில் கவலையோடும் பார்க்கிறோம். வயலுக்குப் பாய்ச்சிய காலத்தில் ஏரிப் பாசனக் கிராமங்களில் மடை திறக்க நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். இன்றைக்கு மேலத் தெரு, நாளைக்குக் கீழத் தெரு, இத்தனை நாழிகை இன்னார் நிலத்துக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது; பயிர் இருந்த இடத்தில் பட்டறை வந்தது; முறை வைக்க வயல் இல்லை, நீர்க்கட்டிக்கும் வேலை இல்லை. பழைய மதகு எங்காவது மிஞ்சியிருந்தால் அதன் மேல் சுவரொட்டி ஒட்டியிருக்கும். தண்ணீருக்கு முறை என்பது இப்போது நமக்கு லாரி வரும் நாள்தான். அதற்கும் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைக்கிறவர் யார் என்பதைச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பெண்கள் பேச்சு வந்துவிட்டது. பாட்டுச் சீட்டில் பெயர் இருப்பவருக்குத் 'தலைக்கட்டு' என்று பெயர். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். கட்டைப் பிரம்மசாரிக்குப் பாடு கிடையாது. ஆக, ஒரு பையனுக்கு ஏரியில் பங்கு கிடைப்பது அவன் கழுத்தில் மாலை ஏறிய பிறகுதான். பெண் வந்தால் பங்கு வரும். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் சீட்டில் வராது! வலையிலிருந்து இறால் கரைக்கு வந்ததும் அதைப் பிரித்து, ஐஸ் போட்டு, கூடையில் ஏற்றி, மார்க்கெட்டில் உட்கார்ந்து காசாக்குகிறவர்களில் பெண்களே அதிகம். வட்டிக்குக் கடன் வாங்கி வீட்டை ஓட்டுகிறவர்களும் அவர்களே. சீட்டுப் போடும் இடத்தில் அவர்களைக் காண முடியாது.

சீட்டுக்கு வெளியே நிற்பவர்கள் வேறு பலரும் உண்டு. பாடு ஒரு சமூகத்தின் சொத்தாகவே இருந்து வந்திருப்பதால் மற்றவர்களுக்கு அந்த நல்ல இடங்கள் கிடைப்பதில்லை. இதனால் மனக்கசப்பும் தகராறும் நேர்ந்திருக்கின்றன. பங்கு நியாயமானதுதான், யார் யார் பங்காளி என்பதில்தான் வழக்கு. எல்லாரிலும் கடைசியில் நிற்பவர்கள் இருளர் பெண்கள். வலை இல்லை, படகு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலையில் பின்னிய 'பறி' என்ற சிறிய கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தடவுவார்கள். கைக்கு அகப்பட்டது நேராகப் பறிக்குள் போகும். சேற்றில் சிப்பி கீறும், முள் குத்தும். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளும் அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் கழியையும் கால்வாயையும் கெடுக்கக் கெடுக்க, முதலில் தெரிவது இவர்கள் கைகளுக்குத்தான்.

பனையோலை என்றதும் இன்னொன்று. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலைப் பின்னலில் கைதேர்ந்தவர்கள். குருத்தோலையை நுட்பமாகக் கீறி, சாயம் தோய்த்து, மூடி போட்ட பெட்டி, தட்டு, கூடை எல்லாம் செய்கிறார்கள். ஸமோவாவிலும் பெண்களின் கைவேலை இப்படித்தான். அங்கே தாழை ஓலையில் பாய் முடைகிறார்கள். ஒரு பாய்க்கு மாதக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு ஆகும். பட்டுப்போல மெல்லியதாக வரும். அதில் யாரும் உட்காருவதில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பட்டம் கட்டும் சடங்குக்கும் குடும்பம் கொடுக்கும் பெரிய சீர் அதுதான். கொலை போன்ற பெரிய குற்றம் செய்தவன் வீட்டார் மன்னிப்புக் கேட்கும்போதுகூட, அந்தப் பாயைப் போர்த்திக்கொண்டு பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் தலை குனிந்து உட்காருவார்களாம். 2019-ல் யுனெஸ்கோ இந்தப் பாய் முடையும் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. நம் பழவேற்காட்டுப் பெட்டிக்குச் சீர் வரிசையில் இடமில்லை. 'இதற்கா இவ்வளவு விலை?' என்ற கேள்விதான் கிடைக்கிறது.

குப்பத்துச் சபை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இன்று அதற்குச் சோதனைகள் அதிகம். தலைக்கட்டுகள் பெருகப் பெருக முறை வருவது தாமதமாகிறது. பத்து நாளில் வந்தது இருபது நாளில் வந்தால், நடுவிலுள்ள நாளுக்கு அடுப்பு எப்படி எரியும்? முகத்துவாரம் மணல் மூடுவதால் வருகிற இறாலும் குறைகிறது. முன்பெல்லாம் குப்பத்தார் கூடி மண்வெட்டியோடு போய் வாயைத் திறந்துவிடுவார்கள். அதை நிலையாகத் திறந்து வைப்பதற்குக் கல் சுவர் போடும் வேலையை அரசாங்கம் மேற்கொண்டது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா வேறு. அங்கே ராக்கெட் தளம் அமைக்க 1969 வாக்கில் நிலம் எடுத்தபோது தீவு ஜனங்கள் வெளியேறினார்கள். சிலர் இந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. 2023 ஜூலை 14-ந் தேதி சந்திரனுக்கே ஒன்று கிளம்பியது. நாம் டெலிவிஷன் முன் கைதட்டிய அந்த மாதிரி நாட்களில் மீனவர்கள் கடலில் இறங்கக்கூடாது என்று அறிவிப்பு வரும். சந்திரனுக்குப் போகிறவருக்காகப் பக்கத்துக் கடலுக்குப் போகிறவர் ஒரு நாள் வீட்டிலே இருக்கிறார்.

இனி, போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. படகில் ஏறி ஏரியைச் சுற்ற வேண்டும் என்று குழந்தைகள் நச்சரிப்பார்கள், இணங்காதீர்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசப் பயணம் வந்த உறவினர் கூட்டம் ஒன்று ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. தடையை மீறி யாராவது கூப்பிட்டாலும் போகவேண்டாம். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று நினைக்கக்கூடாது. முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பு அதிகம்.

குப்பத்துக்குள் போனால் செருப்போடு வலை மேல் மிதிக்காதீர்கள். காய வைத்திருப்பது மீனானாலும் வலையானாலும் அது ஒருவருடைய வீட்டுக் கூடம் மாதிரி. குளித்துக்கொண்டிருப்பவர்களையும் இறால் தடவும் பெண்களையும் கேட்காமல் படம் எடுப்பது அழகல்ல. காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் ஏரிக்கரையில் நிழல் கிடையாது, மார்க்கெட்டிலும் நல்ல சரக்கு தீர்ந்துவிடும். தூக்குப் பாத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் இறாலை ஐஸோடு வாங்கி வரலாம்.

பொன்னேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் கூடைக்காரப் பெண்கள் ஏறுவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடாமல் கொஞ்சம் இடம் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். 'உங்கள் வீட்டுக்கு அடுத்த பாடு எப்போது வருகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். கிழமையோடு சொல்வார்கள்.